மிஷேல் பாரோன்: நடிகர் குடும்பமும் மேடைப் பேச்சும்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் நடிப்பைக் கற்பிக்கும் பள்ளி என்று எதுவும் இல்லை. அரசின் ஆதரவோடு அத்தகைய பயிற்சி அமைந்தது 1780களில்தான். அதுவரை ஒருவர் நடிகராவதற்கு நடிகர் வீட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இளம் வயதிலேயே ஒரு குழுவில் சேர்ந்து மூத்தோரின் குரலையும் நடையையும் பார்த்துப் பார்த்துத் தன் உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மிஷேல் பாரோன் (1653–1729) இந்த இரு வழிகளிலும் வந்தவர். அறுபதாண்டுகளுக்கு மேல் நீண்ட அவருடைய மேடைத் தொடர்பின் ஒரு முனையில் நாடகாசிரியரும் நடிகருமான மோலியேரும் மறுமுனையில் நடிகை அத்ரியேன் லெகூவ்ரரும் நிற்கிறார்கள். நடுவில் நாடகாசிரியர் ராசினின் பெருநாடகங்கள் முதன்முறையாக மேடையேறிய ஆண்டுகள் உள்ளன. பிரெஞ்சு நாடகத்தின் செவ்வியல் காலம் எப்படிப் பேசியது என்பதை அடுத்த நூற்றாண்டு தெரிந்துகொண்டது பெருமளவு இவர் ஒருவர் வழியாகத்தான். இந்த நிலை அவரை முதன்மையான சாட்சியாக்கியது; அதே காரணத்தால் அவருடைய சாட்சியத்தைச் சற்று விலகி நின்று பார்க்க வேண்டிய தேவையும் எழுகிறது.

குடும்பத்தின் இயற்பெயர் புவாரோன். தந்தை ஆந்த்ரேயும் தாய் ழான் ஓசுவும் பாரிஸின் பழைய நாடக அரங்கான ஓட்டெல் த பூர்கோஞ்ஞில் நடித்தவர்கள். அரசரின் ஆதரவு பெற்றிருந்த அந்தக் குழு துன்பியல் நாடகத்துக்குப் பெயர்போனது. ஆந்த்ரே 1655இல் இறந்தார். கோர்னேயின் ‘லே சித்’ நாடகத்தில் கீழே விழுந்த வாளைக் காலால் தள்ளியபோது ஏற்பட்ட காயம் புரையோடியதென்றும், மேடையில் அரசனாக வருபவன் மரக்காலோடு வந்தால் கூட்டம் சிரிக்கும் என்று சொல்லிக் காலை வெட்டிக்கொள்ள மறுத்தாரென்றும் ஒரு கதை நாடக வட்டாரங்களில் வழங்கிவந்தது. தாய் 1662இல் மறைந்தார். ஆகவே நடிகர் குடும்பத்தில் பிறந்தவர் என்று பாரோனைச் சொல்லும்போது, பெற்றோரிடம் அவர் நேரடியாகக் கற்றது ஏறக்குறைய எதுவுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருக்கு வாய்த்த மரபுரிமை வேறு வகையானது: பெயரை அறிந்த ஒரு தொழில் வட்டாரம், அந்தப் பெயருக்காகவே திறந்த சில கதவுகள்.

அவற்றுள் முதல் கதவு சிறுவர் நாடகக் குழு. துருவா நகரத்து ஆர்கன் இசைஞரான ரெசேன் என்பவர் தானாகவே வாசிக்கும் ஸ்பினெட் என்ற இசைக்கருவியைக் காட்டிப் பணம் ஈட்டி வந்தார். விசைப்பலகையோடு மரப்பெட்டிபோல் இருக்கும் அந்தக் கருவிக்குள் அவருடைய சிறு மகன் ஒளிந்திருந்து வாசித்தான் என்பது அரசவையில் வெளிப்பட்டது. மன்னர் வெகுளாமல் சிரித்து, அந்தக் குடும்பத்துக்கு நாடகம் நடத்தும் அனுமதியைத் தந்தார். இளவரசரின் பெயரைத் தாங்கி எழுந்த அந்தச் சிறுவர் குழுவில், ரெசேன் இறந்தபின் அவருடைய மனைவி பொறுப்பேற்றிருந்த காலத்தில், பெற்றோரை இழந்த பாரோன் சேர்க்கப்பட்டார். பெட்டிக்குள் ஒளிந்திருந்த அந்தச் சிறுவன் ழான்-பாத்திஸ்த் ரெசேனும் பின்னாளில் பாரோனோடு ஒரே அரங்கில் நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்றான் என்பது, இந்தத் தொழில் உலகம் எவ்வளவு சிறியது என்பதைக் காட்டுகிறது.

மோலியேர் தம் பலே-ருவாயல் அரங்கை அந்தக் கைம்பெண்ணின் குழுவுக்குச் சில நாட்கள் கொடுத்து உதவினார். அங்கே பாரோனின் நடிப்பைப் பார்த்தவர், அரசாணை ஒன்றைப் பெற்றுச் சிறுவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1666 டிசம்பரில் சென்-ழெர்மேன் அரண்மனையில் நடந்த அரச விழாவுக்காக மோலியேர் எழுதிய ‘மெலிசேர்த்’ என்னும் முடிவுபெறாத ஆயர் நாடகத்தில் மிர்தில் என்ற சிறுவன் வேடம் பதின்மூன்று வயதுப் பாரோனுக்காகவே அமைந்தது. ஒத்திகைக் காலத்தில் மோலியேரின் மனைவியும் முன்னணி நடிகையுமான அர்மாந்த் பெழார் சிறுவனை அறைந்துவிட்டார் என்றும், அந்த அவமானத்தால் அவன் குழுவை விட்டுப் போய்விட்டான் என்றும் கூறப்படுகிறது. காரணம் எதுவாயினும், அடுத்த சில ஆண்டுகளை அவன் மாகாணங்களில் ஊர் ஊராகச் சுற்றும் குழுவில் கழித்தான்.

1670ஆம் ஆண்டு ஈஸ்டரில், அதாவது ஆண்டுதோறும் குழுக்கள் தம் உறுப்பினர் பட்டியலை மாற்றியமைக்கும் பருவத்தில், மோலியேர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். குழுவின் கணக்குகளை எழுதிவந்த நடிகர் லா கிராஞ்ஜின் பதிவேடு, பாரோன் ஒரு முழுப் பங்குக்குச் சேர்ந்ததாகக் குறிக்கிறது. அன்றைய குழுக்களில் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு நாளும் வசூலிலிருந்து மெழுகுவர்த்திச் செலவும் இசைஞர், காவலர் கூலியும் போக மீந்ததைப் பங்குகளாகப் பிரித்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர்பவருக்கு அரைப் பங்கு அல்லது கால் பங்கு கிடைப்பதும் உண்டு. பதினாறு வயதுப் பையனுக்கு முழுப் பங்கு தரப்பட்டது என்ற அந்த ஒற்றை வரி, மோலியேர் அவர்மீது வைத்திருந்த மதிப்பைப் பிற்காலக் கதைகள் அனைத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸ் அரங்குகளுக்கிடையே ஒரு புகழ்பெற்ற போட்டி நடந்தது. பூர்கோஞ் அரங்கில் ராசினின் ‘பெரெனிஸ்’ 21ஆம் நாள் அரங்கேற, ஒரு வாரத்துக்குப் பின் மோலியேரின் குழு அதே கதையைக் கொண்ட கோர்னேயின் ‘தித்தும் பெரெனிஸும்’ நாடகத்தை நடத்தியது. அதில் ரோமப் பேரரசர் தித்தாக நடித்தவர் லா தொரிலியேர். அவருடைய தம்பி தொமிசியனாக நடித்தவர் பாரோன். மறுஆண்டு ஜனவரியில் துயிலரி அரண்மனையின் பெரிய இயந்திர அரங்கில், மோலியேர், கோர்னேய், கினோ ஆகியோர் எழுத லுய்யி இசையமைத்த ‘ப்சிஷே’ அரங்கேறியபோது காதல் தெய்வம் பாரோன். நாயகி ப்சிஷே அர்மாந்த். அன்று அறைந்தவரும் அறைபட்டவரும் காதலராக மேடையேறினார்கள். இதை வைத்து 1688இல் பெயரில்லாமல் வெளிவந்த ஓர் அவதூற்று நூல் இருவரையும் பற்றிப் பலதும் எழுதியது. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை.

மோலியேரிடம் பாரோன் கற்றது என்ன என்பதுதான் அவருடைய தொழில்வாழ்வின் மையக் கேள்வி. பிரெஞ்சுத் துன்பியல் நாடகம் ‘அலெக்சாந்திரேன்’ எனப்படும் பன்னிரண்டு அசை அடிகளால் ஆனது. ஒவ்வோர் அடியும் ஆறாம் அசையில் நிறுத்தம் பெற்று, ஈரடிக்கு ஒருமுறை இயைபு பெறும். இந்தச் சீரான ஓட்டத்தைப் பூர்கோஞ் அரங்கின் நடிகர்கள் பாட்டுக்கு நெருக்கமான நீட்டலோடும், அடியின் இறுதியில் கைதட்டலை இரந்து பெறும் முழக்கத்தோடும் சொல்லிவந்தார்கள். மோலியேர் 1663இல் எழுதிய ‘வெர்சாய் நாடகத் திடீராக்கம்’ என்னும் சிறு நாடகத்தில், மோன்ஃப்ளரி முதலிய அந்த நடிகர்களின் தோரணையைப் பெயர் சொல்லி நையாண்டி செய்தார். அரசன் தன் காவலனோடு தனியே பேசும்போதுகூட ஏன் பேய் பிடித்தவனைப்போல் கத்த வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனால் அவரால் அந்த வாதத்தைத் துன்பியல் மேடையில் மெய்ப்பிக்க முடியவில்லை. அவருடைய குரலும் உடலமைப்பும் நகைச்சுவைக்கு ஏற்றவை. 1661இல் அவர் வீர நாயகனாக நடித்த ‘தோம் கார்சி’ தோல்வியடைந்தது. உயரம், அழகு, கனத்த குரல் என ஆசிரியரிடம் இல்லாதவை எல்லாம் மாணவரிடம் இருந்தன. மோலியேரின் கொள்கை துன்பியல் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது பாரோனின் உடல் வழியாக என்றே கருதத் தோன்றுகிறது.

1673 பிப்ரவரி 17 அன்று தம் ‘கற்பனை நோயாளி’ நாடகத்தின் நான்காம் மேடையேற்றம் முடிந்த இரவில் மோலியேர் இறந்தார். ஈஸ்டர் வந்ததும் பாரோனும் லா தொரிலியேரும் போவால் தம்பதியரும் குழுவை விட்டு விலகி, மோலியேர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துநின்ற பூர்கோஞ் அரங்கில் சேர்ந்தார்கள். பலே-ருவாயல் அரங்கை லுய்யி தம் இசைநாடகத்துக்கு எடுத்துக்கொள்ள, எஞ்சியவர்கள் வீடிழந்தவர்களாக கெனெகோ அரங்குக்குப் போனார்கள். பாரோன் விலகிப் போனதை நன்றிகெட்ட செயலாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் தன் பெற்றோர் நடித்த அரங்குக்கு, துன்பியல் நாடகத்தில் முதலிடம் வகித்த இடத்துக்கு, பத்தொன்பது வயது இளைஞன் போனதில் வியப்பில்லை.

இரண்டாண்டுகளில் அவர் லா தொரிலியேரின் மகள் ஷார்லொத்தை மணந்தார். மேடையில் அண்ணனாக இருந்தவர் வீட்டில் மாமனாரானார். இந்தத் திருமணத்தால் பாரோன் எத்தகைய உறவுவலைக்குள் நுழைந்தார் என்பது கவனிக்கத் தக்கது. குதிரைப் படையில் தலைவராக இருந்து நடிகரானவர் லா தொரிலியேர். அவருடைய மனைவியோ மாரே அரங்கின் தலைமை நடிகர் லாரோக்கின் மகள். ஷார்லொத்தின் தங்கை தெரேஸ், நடிகரும் நகைச்சுவை நாடக ஆசிரியருமான தாங்கூரை 1680இல் மணந்தார். சகோதரர் பியேர் மணந்ததோ பாரிஸ் இத்தாலியக் குழுவில் ஆர்லெக்கின் வேடத்தால் புகழடைந்த தொமினிக் பியான்கொலெல்லியின் மகளை. பாரிஸின் போட்டி அரங்குகள் எல்லாம் ஒரே குடும்பத்தின் உணவு மேசையில் ஒன்றுகூடின என்று சொன்னால் மிகையாகாது. தேவாலயம் நடிகர்களைச் சமய விலக்குக்கு உரியவர்களாகக் கருதிய காலத்தில், பிற தொழிலார் அவர்களோடு மணவுறவு கொள்ளத் தயங்கினார்கள். ஆகவே நடிகர் நடிகரையே மணந்தார். விருப்பமும் விலக்கும் சேர்ந்து உருவாக்கிய சாதி போன்ற ஓர் அமைப்பு அது.

பூர்கோஞ் அரங்கில் பாரோனின் ஆண்டுகள் ராசினின் கடைசிப் பெருநாடகங்களோடு ஒன்றின. 1674இன் ‘இஃபிஜெனி’யில் அவர் ஆஷீல், 1677 ஜனவரி 1 அன்று அரங்கேறிய ‘ஃபேத்ர்’ நாடகத்தில் இப்போலித். இரண்டிலும் ஷாம்மெலே அம்மையார் நாயகி. அந்த நடிகைக்கு ராசின் ஒவ்வோர் அடியின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார் என்றும், லுய்யி தம் இசைநாடக உரையாடலுக்கு அவருடைய குரலைக் கேட்டு இலக்கணம் வகுத்தார் என்றும் சொல்வார்கள். அதே ராசின் பாரோனுக்கு மட்டும் எதையும் சொல்லித்தராமல், உமது மனமே எம் பாடத்தைவிட நன்றாகச் சொல்லும் என்று விட்டுவிட்டாராம். இந்தச் செய்தி உண்மையோ புனைவோ, ஒரே மேடையில் இருவகைப் பேச்சு அருகருகே நின்றதை உணர்த்துகிறது: ஒன்று இசையை நாடியது, மற்றது உரையாடலை நாடியது. ராசின் இரண்டையும் ஏற்றார் என்பதுதான் முக்கியம்.

1680 ஆகஸ்டில் பதினான்காம் லூயி மன்னர் பூர்கோஞ், கெனெகோ குழுக்களை ஒன்றாக்கினார். அக்டோபர் 21 நாளிட்ட ஆணை அந்த ஒன்றுபட்ட குழுவுக்கே பாரிஸில் பிரெஞ்சு நாடகம் நடத்தும் தனியுரிமையை வழங்கியது. இதுவே கொமெதி-ஃபிரான்சேஸ். ஏழாண்டுகளுக்கு முன் பிரிந்த மோலியேரின் பழைய தோழர்கள் மன்னரின் கட்டளையால் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். புதிய குழுவில் பாரோன் முன்னணித் துன்பியல் நாயகர். அதோடு நகைச்சுவை நாடக ஆசிரியரும் ஆனார். 1686 ஜனவரியில் அரங்கேறிய ‘காதல் வெற்றிகளின் மனிதன்’ என்ற அவருடைய நாடகத்தில், பல பெண்களை ஒரே நேரத்தில் ஏமாற்றும் மோன்காத் என்னும் ஒய்யாரனை அவரே நடித்தார். நகரத்தில் அவரைப் பற்றி உலவிய பேச்சையே மேடைச் சரக்காக்கிய துணிவு அதில் தெரிகிறது. இன்று படிக்கும்போது கதைப்பின்னல் மெலிந்தும், உரையாடல் விரைந்தும் இருப்பது புலனாகும். வாயால் சொல்லிப் பார்த்து எழுதிய ஒருவரின் உரைநடை அது.

1691இல், 38 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே பாரோன் மேடையை விட்டு விலகி அரசரின் ஓய்வூதியத்தோடு வாழத் தொடங்கினார். அடுத்த 29 ஆண்டுகள் அவர் கொமெதி-ஃபிரான்சேஸில் நடிக்கவில்லை. எனினும் நாடக உலகத்தோடு உறவு அறவில்லை. மகன் எத்தியேன் அதே அரங்கில் நடித்தார். மைத்துனர் பியேரும் தாங்கூர் தம்பதியரும் அங்கேயே இருந்தார்கள். ரோம நாடக ஆசிரியர் தெரென்சியுவின் நாடகத்தைத் தழுவிப் பாரோன் எழுதிய ‘ஆந்திரியேன்’ 1703இல் அரங்கேறியபோது, மைத்துனி தெரேஸ் தாங்கூர் அணிந்துவந்த தளர்ந்து தொங்கும் நீண்ட அங்கி பாரிஸ் பெண்களிடையே மோகமாகப் பரவி, அந்த உடைக்கே ‘ஆந்திரியேன்’ என்று பெயர் நிலைத்தது. நாடகத்தை உண்மையில் எழுதியவர் லா ரூ என்ற இயேசு சபைத் துறவி என்று பலர் கிசுகிசுத்தனர். நாடகம் மறக்கப்பட்டது, அங்கியின் பெயர் நூற்றாண்டு முழுதும் வழங்கியது.

அவர் இல்லாத அந்த ஆண்டுகளில் அவருடைய வேடங்களை ஏற்றவர் போபூர். மிகையான உணர்ச்சியும் முழக்கமும் கொண்ட அவருடைய பாணியும், த்யுக்லோ அம்மையாரின் பாடும் குரலும் அரங்கில் கோலோச்சின. 1717இல் அத்ரியேன் லெகூவ்ரர் என்ற இளம் நடிகை அங்கே சேர்ந்து, உரையாடலுக்கு நெருங்கிய எளிய பேச்சால் பார்வையாளரை வியக்கவைத்தார். 1720 ஏப்ரலில், 66 வயதில், பாரோன் மீண்டும் மேடையேறினார். போபூர் ஓய்வுபெற்றிருந்தார், லெகூவ்ரர் துணை நின்றார். முந்திய தலைமுறையின் கலை, புதிய தலைமுறையின் கலையைப்போலவே காட்சியளித்தது அந்த மறுவரவின் விந்தை.

கோர்னேயின் ‘சின்னா’வில் சதிகாரர்களின் முகம் வெளுத்ததையும் சிவந்ததையும் விவரிக்கும் இடத்தில் பாரோனின் முகமே வெளுத்துச் சிவந்தது என்று பேசிக்கொண்டார்கள். மேடையின் இரு ஓரங்களிலும் செல்வர்கள் இருக்கைபோட்டு அமர்ந்திருந்த காலம் அது. அந்த வழக்கம் 1759இல்தான் ஒழிந்தது. நடிகரிடமிருந்து சில முழத் தொலைவில் இருந்தவர்களுக்கு முகத்தின் நிறம் தெரிந்திருக்கவும் கூடும். அவர் இளைஞர் வேடங்களையும் விடவில்லை. ‘லே சித்’தின் ரோத்ரிக் தன்னை இளைஞன் என்று அறிவிக்கும் இடத்தில் அரங்கு சிரித்ததாகவும், முதியவர் சலிக்காமல் அதே அடியை இன்னும் அழுத்திச் சொல்லிக் கைதட்டல் பெற்றதாகவும் கதை உண்டு. அவருடைய தற்பெருமை பற்றிய கதைகளுக்கும் பஞ்சமில்லை: நூறாண்டுக்கு ஒரு சீசர் தோன்றலாம், பாரோன் தோன்ற இரண்டாயிரம் ஆண்டு வேண்டும் என்று சொன்னாராம். லெசாஜின் ‘ழில் பிளா’ நாவலில் வரும் வயதை மறைக்கும் கர்வம் பிடித்த நடிகர் பாத்திரம் பாரோனையே குறிப்பதென்று வாசகர்கள் அடையாளம் கண்டார்கள்.

கேலிக்கு இடையிலும் கண்ணால் கண்டவரின் சாட்சியம் ஒன்று கிடைக்கிறது. இளமையில் இந்த இறுதிக்கால நடிப்பைப் பார்த்த நாடக ஆசிரியர் ஷார்ல் கொலே, பாரோன் செய்யுளின் அளவை உடைத்துப் பொருளுக்கேற்ப நிறுத்திப் பேசியதால் அலெக்சாந்திரேனின் சலிப்பூட்டும் ஒலியொழுங்கு காதில் விழவே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். கைகளைக் கண்ணுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது அன்றைய இலக்கணம்; உணர்ச்சி தூக்கினால் தலைக்கு மேலும் போகட்டும், அது விதியைவிட அதிகம் அறியும் என்பது பாரோன் பெயரால் வழங்கும் மறுமொழி.

1729 செப்டம்பரில் ரோத்ருவின் ‘வென்செஸ்லா’ நாடகத்தில் மூச்சிரைப்பால் பேச்சு நின்றுபோக, அவர் மேடையிலிருந்து இறங்கினார்; டிசம்பர் 22 அன்று இறந்தார். சென்-பெனுவா தேவாலயத்தில் அவருக்குக் கல்லறை கிடைத்தது. அடுத்த மூன்று மாதத்துக்குள், 1730 மார்ச் 20 அன்று இறந்த லெகூவ்ரருக்கு, நடிப்புத் தொழிலைத் துறப்பதாக உறுதியளிக்காமல் இறந்த காரணத்தால், அது மறுக்கப்பட்டது. உடல் இரவோடிரவாகச் சேன் ஆற்றங்கரைப் பக்கம் புதைக்கப்பட்டது. வோல்தேர் கொதித்தெழுந்து கவிதை எழுதியது இதற்காகவே.

பாரோனின் உண்மையான செல்வாக்கு மேடையைத் தாண்டியும் நீண்டது. 1705இல் கிரிமரே வெளியிட்ட மோலியேர் வரலாறு, அந்த நாடகாசிரியரைப் பற்றிய முதல் விரிவான நூல். அதற்கு முதன்மைத் தகவலாளர் பாரோன். சிறுவர் குழுவிலிருந்து மீட்கப்பட்டது, அறை வாங்கியது, மோலியேரின் இறுதி இரவு ஆகியவை எல்லாம் அந்த நூல் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. ஏழை நடிகன் ஒருவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மோலியேர் கேட்க, பாரோன் நான்கு பிஸ்தோல் பொற்காசுகள் என்று சொல்ல, என் சார்பில் நான்கு கொடு, உன் சார்பில் இருபது கொடு என்று மோலியேர் பணம் எடுத்துத் தந்த கதையும் அதில் உண்டு. நூல் முழுதும் பாரோன் செல்லப்பிள்ளையாக நடுவில் நிற்கிறார். மோலியேரோடு பதினான்கு ஆண்டு உழைத்த லா கிராஞ்ஜ் ஓரத்தில் ஒதுங்குகிறார். மோலியேரை நெருங்கி அறிந்த புவாலோ அந்த நூலைப் பொருட்படுத்தத் தக்கதன்று என ஒரு கடிதத்தில் தள்ளினார். இருப்பினும் பின்வந்தோர் அனைவரும் அதையே நாடினார்கள், ஏனென்றால் பதிவேடு சொல்லாத மனிதச் செய்திகள் அங்கேதான் இருந்தன. அவற்றை ஏற்பதா தள்ளுவதா என்பதை ஒட்டுமொத்தமாக முடிவுசெய்ய இயலாது. முழுப் பங்கு பற்றிய லா கிராஞ்ஜின் வரியைப்போல் வேறிடத்துச் சான்று கிடைக்கும் இடத்தில் கிரிமரே பெரிதும் பொய்யுரைக்கவில்லை, பாரோனின் பங்கைப் பெரிதாக்கிக் காட்டுகிறார் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

நடிப்பைப் பற்றிய விவாதத்திலும் இதே நிலைதான். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் 1754இல் வெளியான நான்காம் தொகுதியில் மேடைப் பேச்சு பற்றி எழுதிய மார்மோந்தேல், முழக்கமிடும் நடிகர்களுக்கு எதிரான முன்மாதிரியாகப் பாரோனை நிறுத்தினார். அதே வாதத்தை நடிகை கிளேரோனிடமும் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தி, அவர் தம் பேச்சு முறையை மாற்றக் காரணமானார். பாரோன் இறந்தபோது மார்மோந்தேலுக்கு வயது ஆறு. அவர் வளர்ந்ததும் பாரிஸிலிருந்து தொலைவில் உள்ள லிமூசேன் மாகாணத்தில். அவர் ஒருபோதும் பார்த்திராத நடிப்பைத்தான் கிளேரோனுக்குப் பாடமாக வைத்தார்.